அமெரிக்க லாரி உரிமம்: ஏர் பிரேக் எழுத்துத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

அமெரிக்காவில் பெரிய லாரி ஓட்டுவதற்கு, சி.டி.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும் வணிக ஓட்டுநர் உரிமம் தேவை. அதற்காக எழுத வேண்டிய தேர்வுகளில், காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக் பற்றிய தேர்வு அளவில் சிறியது. பெரும்பாலான மாநிலங்களில் 25 கேள்விகள் இருக்கும். 80 விழுக்காடு, அதாவது 20 கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தால் தேர்ச்சி. ஆனால் இதில் தேறாமல் விட்டால் வரும் விளைவு சிறியதன்று. மற்ற எல்லாத் தேர்வுகளிலும் தேறியிருந்தாலும், உரிமத்தில் ‘எல்’ என்ற கட்டுப்பாடு பதிவாகிவிடும். ஏர் பிரேக் பொருத்திய வணிக வாகனம் எதையும் அந்த உரிமத்தை வைத்திருப்பவர் ஓட்ட முடியாது. நெடுந்தூரம் சரக்கு ஏற்றிச் செல்லும் டிராக்டர்-டிரெய்லர்கள் (இழுக்கும் முன்வண்டியும் அதன் பின்னால் இணைத்த சரக்கு வண்டியும்) ஏர் பிரேக்கில்தான் நிற்கின்றன என்பதால், அந்த ஓர் எழுத்து வேலை வாய்ப்பைப் பெரும்பாலும் மூடிவிடும்.

எழுத்துத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஓட்டிக்காட்டும் தேர்வுக்கு ஏர் பிரேக் இல்லாத வண்டியைக் கொண்டுபோனாலும் அதே ‘எல்’ விழும். பாதி காற்றிலும் பாதி எண்ணெய் அழுத்தத்திலும் இயங்கும் பிரேக் உள்ள வண்டியில் தேர்வு கொடுத்தால் ‘இசட்’ என்ற கட்டுப்பாடு வரும். ஆகவே, பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும் முன்பே, தேர்வுக்கு அவர்கள் தரும் வண்டி முழு ஏர் பிரேக் வண்டிதானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எதைப் படிப்பது

உங்கள் மாநிலத்தின் வாகனத் துறை வெளியிடும் வணிக ஓட்டுநர் கையேடு ஒன்றே போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் அட்டை மாறினாலும் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒரே மாதிரியானது. ஐந்தாம் பகுதி ஏர் பிரேக்குக்கு உரியது. டிராக்டர்-டிரெய்லர் ஓட்ட விரும்புகிறவர்கள் இணைப்பு வாகனங்கள் பற்றிய ஆறாம் பகுதியையும் சேர்த்துப் படித்துவிடுவது நல்லது; டிராக்டரிலிருந்து டிரெய்லருக்குக் காற்று போகும் வழி அங்கேதான் விளக்கப்படுகிறது.

மாதிரிக் கேள்விகள் தரும் இணையத்தளங்களைக் கையேட்டை ஒரு முறையாவது முழுமையாகப் படித்து முடித்த பிறகே திறக்க வேண்டும் என்பது என் கருத்து. அவற்றில் பழைய எண்கள் கலந்து கிடக்கின்றன. எடுத்துக்காட்டாக, காற்றழுத்தம் குறைவதை எச்சரிக்கும் விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதற்குப் பழைய கையேடுகள் 60 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்றன, இப்போதைய கையேடுகள் 55 என்கின்றன. இரண்டும் விடைகளாக எதிரெதிரே நிற்கும்போது உங்கள் மாநிலக் கையேட்டில் அச்சாகியிருப்பதே செல்லும்.

கையேட்டை ஆங்கிலத்திலேயே படியுங்கள். சாலைப் பலகைகளைப் படிக்கவும் அதிகாரிகளிடம் பேசவும் போதுமான ஆங்கிலம் வணிக ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. ஓட்டிக்காட்டும் தேர்வும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் உதிரிபாகங்களின் பெயர்களை ஆங்கிலத்திலேயே நாக்குக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் லாரியோ பேருந்தோ ஓட்டிப் பழகியவர்களுக்கு ஏர் பிரேக் புதிதல்ல. அந்த அனுபவம் கைகொடுக்கும், ஆனால் மீட்டரில் ‘பார்’ கணக்குக்குப் பழகிய கண் பி.எஸ்.ஐ. கணக்குக்கு மாற வேண்டும். ஒரு பார் என்பது சுமார் 14.5 பி.எஸ்.ஐ.; 100 பி.எஸ்.ஐ. என்பது ஏழு பாருக்குச் சற்றுக் குறைவு.

காற்றின் பின்னாலேயே போங்கள்

எண்களை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் இந்தத் தேர்வில் அதிகம் குழம்புகிறார்கள். காற்று எங்கே உண்டாகி, எங்கே தங்கி, எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது என்பதை ஒரு தாளில் நீங்களே படமாக வரைந்து பாருங்கள். அந்தப் படம் சரியாக வந்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வரும்.

எஞ்சினோடு இணைந்த கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டிகளுக்கு அனுப்புகிறது. எப்போது அனுப்ப வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கவர்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி முடிவு செய்கிறது. கம்ப்ரசரில் கசிவு ஏற்பட்டாலும் தொட்டியிலுள்ள காற்று திரும்பிப் போய்விடாதபடி நடுவே ஒருவழி வால்வு இருக்கிறது. அழுத்திய காற்றோடு சிறிது நீரும் கம்ப்ரசர் எண்ணெயும் தொட்டிக்குள் வந்து அடியில் தேங்கும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்தால் பிரேக் வேலை செய்யாமல் போகலாம். அதனால்தான் ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் தொட்டியின் வடிகால் வால்வைத் திறந்துவிட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. தானாக வடியும் அமைப்பு இல்லாத வண்டிகளுக்கு இது கட்டாயம். நீர் உறையாதபடி காற்றில் ஆல்கஹாலைக் கலக்கும் ஆல்கஹால் எவாப்பரேட்டர் இருக்கும் வண்டியில், பனிக்காலத்தில் அதன் அளவை நாள்தோறும் பார்த்து நிரப்ப வேண்டும். அது இருப்பதால் வடிகாலைத் திறக்க வேண்டியதில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

பெடலை மிதித்ததும் தொட்டியின் காற்று குழாய் வழியாகச் சக்கரத்தருகே உள்ள பிரேக் சேம்பருக்குள் பாய்கிறது. அங்கே அது புஷ்ராடு என்ற தண்டை வெளியே தள்ளுகிறது. புஷ்ராடு, பிரேக்கின் தளர்ச்சியைச் சரிசெய்ய உதவும் நெம்புகோலான ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தள்ள, அது எஸ் வடிவக் கேமைத் திருப்ப, கேம் பிரேக் ஷூக்களை அகட்டி டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. காலை எடுத்ததும் கேம் திரும்பி, ஸ்பிரிங் ஷூக்களை டிரம்மிலிருந்து விலக்குகிறது. கம்ப்ரசர், தொட்டி, பெடல், சேம்பர், புஷ்ராடு, ஸ்லாக் அட்ஜஸ்டர், கேம், ஷூ, டிரம் என்ற இந்த வரிசையில் ஏதாவது ஒரு கண்ணியைப் பற்றித்தான் பல கேள்விகள் இருக்கும்.

இந்த வழியில் எல்லோரையும் ஒரு கணம் நிறுத்துவது நிறுத்தப் பிரேக். மற்ற பிரேக்குகளைக் காற்று பிடிக்க வைக்கிறது. நிறுத்தப் பிரேக்கைக் காற்று விடுவித்து வைத்திருக்கிறது. சேம்பருக்குள் வலிமையான ஸ்பிரிங் ஒன்று எப்போதும் பிடிக்கக் காத்திருக்க, காற்றழுத்தம் அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். டேஷ்போர்டில் சாய்சதுர வடிவிலிருக்கும் மஞ்சள் குமிழை வெளியே இழுத்தால் காற்று வெளியேறிப் பிரேக் பிடிக்கும். உள்ளே தள்ளினால் காற்று நுழைந்து பிரேக் விடும். அருகில் எண்கோண வடிவில் இருக்கும் சிவப்புக் குமிழ் டிரெய்லருக்குக் காற்று அனுப்புவது. அவசர பிரேக்காகவும் அதே ஸ்பிரிங்குகள் பயன்படுகின்றன.

ஸ்பிரிங் பிரேக் பிடித்திருக்கும்போது பெடலை மிதிக்கக் கூடாது என்றொரு விதி உண்டு. காரணத்தோடு நினைவில் வைத்தால் மறக்காது: ஸ்பிரிங்கின் விசையும் காற்றின் விசையும் ஒரே புஷ்ராடில் சேர்ந்து விழுந்தால் பாகங்கள் உடையக்கூடும்.

ஒரு முள், ஐந்து நிறுத்தங்கள்

தேர்வுக்குரிய முக்கிய எண்களைத் தனித்தனியாகப் படிக்காமல், காற்றழுத்த மீட்டரின் முள் உச்சியிலிருந்து கீழே இறங்கி வருவதாக நினைத்துக்கொண்டு படியுங்கள்.

உச்சியில் இருப்பது 150 பி.எஸ்.ஐ. குக்கரில் இருக்கும் சேஃப்டி வால்வைப் போன்ற ஒன்று தொட்டியிலும் உண்டு. அது வழக்கமாக 150-இல் திறந்து காற்றை வெளியேற்றும். அது காற்றைக் கக்கினால் எங்கோ பழுது இருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று பொருள். அடுத்தது 125, சுமார் இந்த அளவில் கவர்னர் கம்ப்ரசரின் வேலையை நிறுத்துகிறது. அழுத்தம் சுமார் 100-க்கு இறங்கியதும் கவர்னர் மீண்டும் அதை வேலை செய்ய விடுகிறது. ஆகவே நல்ல நிலையிலுள்ள வண்டியில், ஓட்டும்போது முள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையிலேயே ஊசலாடிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் கோளாறு.

55-க்குக் கீழே போவதற்கு முன்பே எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். பெரும்பாலும் மணியோசையும் சேர்ந்து வரும். ‘முன்பே’ என்பதைக் கவனியுங்கள்; 70-இல் எரிந்தாலும் அது சரியே, 50-இல் எரிந்தால் தவறு. கடைசி நிறுத்தம் 20 முதல் 45 வரை: பெரும்பாலும் 20-க்கும் 30-க்கும் இடையில் ஸ்பிரிங் பிரேக்குகள் தாமாகவே முழுதாகப் பிடித்துவிடும்.

எச்சரிக்கை ஒலிக்கும் இடத்துக்கும் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் ஓட்டுநருக்குக் கிடைக்கும் அவகாசம். எச்சரிக்கை வந்ததும் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்தே தீரும். பிரேக் இன்னும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துவதுதான் விடை. அடுத்த ஓய்விடம் வரை மெதுவாக ஓட்டிப் போவது, அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போவது போன்றவை படிக்கும்போது நியாயமாகத் தோன்றும், அவை தூண்டில்கள்.

சோதனைகளும் அவற்றின் எண்களும்

புறப்படும் முன் செய்யும் சோதனைகளிலிருந்தும் நிறைய கேள்விகள் வரும். முதலில் கசிவு. எஞ்சினை அணைத்து, பிரேக்குகளை விடுவித்து, முள் அசையாமல் நின்றபின் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். தனி லாரியில் ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேலும், டிரெய்லர் இணைத்த வண்டியில் 3-க்கு மேலும் இறங்கக் கூடாது. பிறகு பெடலை உறுதியாக மிதித்தபடியே, முதலில் சட்டென்று இறங்கும் அளவை விட்டுவிட்டு, மேலும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். இப்போது தனி லாரிக்கு 3, இணைப்பு வண்டிக்கு 4.

இந்த நான்கு எண்களில் நினைவில் வைக்க வேண்டியது 2 ஒன்றுதான். டிரெய்லர் சேர்ந்தால் குழாய்களும் இணைப்புகளும் கூடுகின்றன, ஆகவே ஒன்று கூட்டுங்கள். பெடலை மிதித்தால் காற்று சேம்பர்கள் வரை பரவுகிறது, கசியும் வாய்ப்பும் கூடுகிறது, ஆகவே இன்னொன்று கூட்டுங்கள்.

அடுத்து எச்சரிக்கைச் சோதனை. எஞ்சின் அணைந்திருக்க, சாவி மட்டும் மின்சாரம் வரும் நிலையில் இருக்க, பெடலை மிதித்து மிதித்து விட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். விளக்கு உரிய இடத்தில் எரிகிறதா என்று பார்த்தபின் தொடர்ந்து மிதித்தால், குமிழ்கள் தாமாக வெளியே துள்ளும். அது 20-க்கும் 45-க்கும் இடையில் நிகழ வேண்டும். சாவியைத் திருப்பாமல் விட்டால் விளக்கு எப்படியும் எரியாது. கேள்வியில் ‘மின்சாரம் இருக்கும் நிலையில்’ என்ற சொற்கள் உள்ளனவா என்று தேடுங்கள்.

அழுத்தம் ஏறும் வேகத்துக்கும் கணக்கு உண்டு. பிரேக்குக்கு இரண்டு தனித்தனிக் காற்றுச் சுற்றுகள் கொண்ட இரட்டைக் காற்றமைப்பு உள்ள வண்டியில், எஞ்சின் இயல்பான வேகத்தில் ஓடும்போது 85-இலிருந்து 100-க்கு 45 வினாடிக்குள் ஏற வேண்டும். தொட்டிகள் பெரியவையாக இருந்தால் சற்றுக் கூடுதலாகலாம். 1975-க்கு முந்தைய ஒற்றை அமைப்பு வண்டிகளுக்கு 50-இலிருந்து 90-க்கு மூன்று நிமிடம். அத்தகைய வண்டியை இன்று சாலையில் காண்பது அரிது, ஆனாலும் கேள்வித்தாளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சோதிக்கும் முறை வரிசையாகக் கேட்கப்படும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அதன் பிறகு நிறுத்தப் பிரேக்கை விடுவித்து, கையுறை அணிந்து, எட்டுகிற ஒவ்வோர் அட்ஜஸ்டரையும் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். புஷ்ராடு இணையும் இடத்தில் சுமார் ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் அது சரிசெய்யப்பட வேண்டியது. கட்டை வைப்பது பிரேக்கை விடுவிப்பதற்கு முன்னால் வர வேண்டும். பிரேக் பிடித்திருக்கும்போது இழுத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

1994 முதல் தயாரான வண்டிகளில் இவை தானியங்கி அட்ஜஸ்டர்கள். அவற்றைக் கையால் முடுக்கிச் சரிசெய்துவிட்டு ஓட்டலாம் என்பது தவறான விடை. தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய ஒன்று தளர்ந்துவிட்டது என்றால் உள்ளே வேறு பழுது இருக்கிறது; கையால் முடுக்குவது அதை மறைக்கும் தற்காலிக வேலை மட்டுமே. சாலையோரச் சோதனைகளில் அதிகம் பிடிபடும் குறை சரியாக முடுக்கப்படாத பிரேக்தான் என்று கையேடே சொல்வதால், இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள்.

நிற்கும் தூரமும் இறக்கமும்

காரில் பெடலை மிதித்தவுடன் எண்ணெய் அழுத்தம் சக்கரத்தை எட்டிவிடுகிறது. காற்று குழாய் வழியே ஓடிச் சேர அரை வினாடியோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே ஏர் பிரேக்கில் நிற்கும் தூரம் நான்கு பகுதிகளின் கூட்டு. மணிக்கு 55 மைல் வேகத்தில், உலர்ந்த சாலையில், ஆபத்தைக் கண் கண்டு மூளை உணர்வதற்குள் வண்டி 142 அடி போகிறது. கால் பெடலுக்கு வருவதற்குள் 61 அடி. காற்று சக்கரத்தைச் சேர்வதற்குள் 32 அடி. பிரேக் பிடித்தபின் 216 அடி. கூட்டினால் 451. ‘450 அடிக்கு மேல்’ என்ற விடை இங்கிருந்துதான் வருகிறது. காற்றின் தாமதம் என்ற 32 அடி மட்டும் ஏர் பிரேக்குக்கே உரியது. அதைத் தனியாகக் கேட்பார்கள்.

நீண்ட இறக்கத்தில் முதலில் தாழ்ந்த கியர், எஞ்சினின் இழுவை. பிரேக் அதற்குத் துணை மட்டுமே. பாதுகாப்பான வேகம் 40 மைல் என்றால், 40-ஐ எட்டியதும் வேகம் குறைவது தெரியுமளவுக்கு மிதித்து, 35-க்கு வந்ததும் விட்டுவிட வேண்டும். இது சுமார் மூன்று வினாடி நீடிக்கும். மறுபடி 40-ஐ எட்டும்போது அதையே திரும்பச் செய்ய வேண்டும். இறக்கம் முழுதும் பெடலை லேசாக மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரிகிறது. ஷூ அதை எட்ட மேலும் தூரம் போக வேண்டியிருக்கிறது. பிடிப்பு மெல்ல மெல்ல மங்குகிறது. அப்படிச் சூடேறிய பிரேக்கோடு கீழே வந்து நின்றதும் நிறுத்தப் பிரேக்கைப் போடக் கூடாது; சூடு அதைச் சேதப்படுத்தும். உறைபனியில் நனைந்த பிரேக்கும் அப்படியே, பிடித்த இடத்திலேயே உறைந்துவிடலாம். இரண்டு நிலைகளிலும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதே விடை.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு பற்றி ஓரிரு கேள்விகள் வரலாம். 1997 மார்ச் 1 முதல் தயாரான டிராக்டர்களிலும், 1998 மார்ச் 1 முதல் தயாரான ஏர் பிரேக் உள்ள பிற லாரி, பேருந்து, டிரெய்லர்களிலும் அது கட்டாயம். டிரெய்லரின் இடப்பக்கத்தில் இருக்கும் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஏ.பி.எஸ்.தான் பழுது, வழக்கமான பிரேக் அப்படியே இருக்கும். நிற்கும் தூரத்தை அது குறைத்துவிடும் என்று சொல்லும் விடையைத் தொடாதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டியைக் கட்டுப்பாட்டில் வைப்பதே அதன் வேலை.

தேர்வு அறையில்

கேள்வியில் தனி லாரியா, டிரெய்லர் இணைத்ததா; எஞ்சின் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா; பெடல் மிதித்திருக்கிறதா, விட்டிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு விடைகளுக்குப் போங்கள். கசிவு பற்றிய கேள்விகளில் இரண்டு விடைகள் சரியானவை போலத் தெரிவதற்குக் காரணம் இந்த மூன்றில் ஒன்றைக் கவனிக்காததுதான். ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விடை இருந்தால் மற்றவற்றில் ஒன்றாவது பொய் என்று உறுதியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அதுவே விடையாக இருக்க வாய்ப்பு மிகுதி. மாதிரித் தேர்வுகளில் தவறிய கேள்வியின் விடையை மட்டும் குறித்துக்கொள்ளாமல், அது காற்றின் வழியில் எந்தக் கண்ணியைச் சேர்ந்தது என்று உங்கள் படத்தில் அடையாளமிடுங்கள். ஒரே இடத்தில் குறிகள் குவிந்தால் கையேட்டில் அந்தப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

எழுத்துத் தேர்வுகளில் தேறியதும் பயிற்சி ஓட்டுநருக்கான அனுமதி கிடைக்கும். அது கைக்கு வந்து 14 நாள் கழிந்த பிறகே ஓட்டிக்காட்டும் தேர்வுக்குப் போக முடியும். முதன்முறை ‘ஏ’ அல்லது ‘பி’ வகுப்பு உரிமம் பெறுகிறவர்கள், 2022 பிப்ரவரி 7 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் தொடக்கநிலைப் பயிற்சியையும் ஓட்டிக்காட்டும் தேர்வுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். ஏர் பிரேக் குறிப்புகளைத் தேர்வு முடிந்தது என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஓட்டிக்காட்டும் தேர்வின் முதல் பகுதியில், கசிவு, எச்சரிக்கை, துள்ளும் குமிழ் ஆகிய மூன்று சோதனைகளையும் தேர்வாளர் முன்னால் செய்துகொண்டே, எந்த எண்ணில் என்ன நிகழ வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அதில் பிழை செய்தால், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே அன்றைய தேர்வு முடிந்துவிடும்.